தண்ணீர்ப் போத்தலும் ஒரு கியூபிட்டும்: ஓரியல்பு எங்கே போகிறது என்று சோதிப்பது எப்படி

2022 மார்ச் கடைசி. நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் இல்லாத நாட்கள். பக்கத்து வீட்டுக்காரர் வானை டீசல் வரிசையில் நிறுத்திவிட்டு இரவில் அதற்குள்ளேயே படுத்துக்கொண்டார். ஊர் முழுக்கச் சபித்துக்கொண்டிருந்த அந்த இரவொன்றில்தான், வெள்ளவத்தையில் எங்கள் பின்வளவு மாமரத்தின் கீழே, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று முதன்முதலாக ஒழுங்காக விசிலடித்தது. மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் மெல்லிய ஒரு சுரம். முக்கால் செக்கனில் தேய்ந்து போய்விட்டது.

"ரீச்சர், செத்துப் போச்சு" என்றாள் கூட இருந்த மாணவி.

எப்படிச் செத்தது என்று கேட்பதுதான் வேலை. நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். எங்கள் காலத்துப் பாடநூலில் குவாண்டத்துக்குச் சத்திச்சொட்டு என்று பெயர். இப்போது பிள்ளைகள் குவாண்டம் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். குவாண்டம் தொகுதி ஒன்று தன் ஓரியல்பை (அலைகள் அடி தவறாமல் ஆடும் ஒழுங்கை) இழக்கும் விதத்தைச் சோதிக்கப் பெரிய ஆய்வுகூடம் இருந்தால்தான் முடியும் என்பதில்லை. ஆனால் சோதனையை வடிவமைப்பதில் கொஞ்சம் கள்ளப்புத்தி வேண்டும். ஏனென்றால் நீங்கள் "இழப்பு" என்று அளப்பதில் பெரும்பங்கு உண்மையில் இழப்பே அல்ல.

முதலில் தண்ணீர். ஐதரசனின் கருவான புரோத்தன் ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பம்பரம் மாதிரி புவியின் காந்தப்புலத்தைச் சுற்றித் தலையாட்டும். புலத்தின் ஒவ்வொரு மைக்ரோரெஸ்லாவுக்கும் செக்கனுக்கு 42.58 ஆட்டம், அதாவது 42.58 ஹேர்ட்ஸ் என்பது கணக்கு. கொழும்பில் புலம் ஏறக்குறைய 40 மைக்ரோரெஸ்லா என்பதால் மீடிறன் 1,700 ஹேர்ட்ஸுக்குச் சற்று மேலே வரும். காதுக்குக் கேட்கிற சுரம். எல்லாப் புரோத்தன்களும் ஒரே அவத்தையில், அதாவது ஒரே அடியில், தலையாட்டும் வரைக்கும் சுரம் கேட்கும். அடி தவறத் தவறச் சுரம் தேயும்.

தேய்வதற்கு மூன்று வழி உண்டு. புரோத்தன் தன் சக்தியைச் சுற்றாடலுக்குக் கொடுத்துவிட்டுச் சமநிலைக்குத் திரும்பலாம். இதன் நேரத்தை ரி1 என்பார்கள். இரண்டாவது, போத்தலின் ஒரு மூலையில் புலம் கொஞ்சம் கூட, மறு மூலையில் கொஞ்சம் குறைய என்றால் ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் ஆடி, ஆளுக்காள் விலகிப்போகும். மூன்றாவது, பக்கத்து மூலக்கூறுகளின் தாறுமாறான உதைகளால் அவத்தை கலைந்துவிடும். இரண்டாவது வழியில் போனதைத் திருப்பி அழைக்கலாம், மூன்றாவதில் போனதை அழைக்க முடியாது. வெறும் சுரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும். எனவே இவற்றைப் பிரிக்காத எந்தச் சோதனையையும் நான் சோதனை என்று ஒத்துக்கொள்வதில்லை.

சாமான்கள். மோட்டார் சுற்றும் கடைகளில் எனாமல் செப்புக்கம்பி நிறைக்கு விற்பார்கள். 0.8 மில்லிமீற்றர் கம்பியில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வாங்கினால் 125 மீற்றர் வரும். 8 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் குழாயில், 10 சென்ரிமீற்றர் நீளத்துக்கு 500 சுற்று. தடை நாலு ஓமுக்குச் சற்று மேல். 12 வோல்ற்றுக் கார் பற்றரியைக் கொடுத்தால் இரண்டரை அம்பியருக்கு மேல் ஓடும். உள்ளே 15 மில்லிரெஸ்லா அளவில் புலம் கிடைக்கும், அதாவது புவிப்புலத்தைப்போல ஏறக்குறைய 400 மடங்கு. இந்தப் புலம்தான் புரோத்தன்களைத் தன் பக்கம் திருப்பி நிறுத்துவது. அப்படியிருந்தும் ஒழுங்காகத் திரும்பி நிற்பது இரண்டு கோடிப் புரோத்தனுக்கு ஒன்றுதான். நல்லவேளையாகப் போத்தலுக்குள் புரோத்தனுக்குப் பஞ்சமில்லை. மற்றச் சில்லறைச் சாமான்களைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் ஒரு மத்தியானத்தில் வாங்கி முடிக்கலாம்.

வெளிநாட்டுச் செய்முறைகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் சுருளை எப்படிச் சரிப்பது என்று குழம்புவார்கள். நாங்கள் காந்த மத்தியகோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே புலம் கிட்டத்தட்டக் கிடையாக, வடக்கு நோக்கிப் போகிறது. சுருளின் அச்சு அதற்குச் செங்குத்தாக இருந்தால் போதும் என்பதால் போத்தலை நேராக நிறுத்தி வைக்கலாம். அதே மத்தியகோடு ஒரு தொல்லையும் தரும். பகலில் வானத்தின் மேலடுக்கில் ஓடும் மின்னோட்டத்தால் புலம் பல பத்து நனோரெஸ்லா ஏறி இறங்கும். 50 நனோரெஸ்லா மாறினாலே சுரம் 2 ஹேர்ட்ஸ் நகர்ந்துவிடும். ஆகவே அளப்பது இரவில்.

செய்முறை இதுதான். ஆறு செக்கன் மின்னோட்டத்தைக் கொடுங்கள். பிறகு பட்டென்று நிறுத்துங்கள். பட்டென்று என்றால் அரை மில்லிசெக்கனுக்குள். மெதுவாக நிறுத்தினால் பம்பரங்கள் புவிப்புலத்தோடு சேர்ந்தே சரிந்து படுத்துவிடும், சுரமே வராது. என் முதல் இரண்டு மாதமும் இதிலேதான் போனது. அப்புறம் அதே சுருளைப் பெருக்கிக்கு மாற்றுங்கள். சைகை சில மைக்ரோவோல்ற்றுத்தான். சுருளுக்குக் குறுக்கே 0.8 மைக்ரோபரட் அளவில் ஒரு கொள்ளளவி போட்டு 1,700 பக்கமாகப் பரிவுறச் செய்தால் காதுக்கு எட்டும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் மடங்குகள் 1,700இலும் 1,750இலும் வந்து குந்திக்கொண்டிருக்கும். உங்கள் சுரம் இரண்டுக்கும் நடுவே. மின்வெட்டு இரவு ஏன் இனித்தது என்று இப்போது விளங்கும்.

இடம் முக்கியம். கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி புலத்தைக் குலைப்பதால் மாடிவீட்டில் சரிவராது, சுரம் கிளிக் என்ற சத்தத்தோடேயே முடிந்துவிடும். திறந்தவெளி தேடி ஒருதரம் கடற்கரையோரம் போனேன். பையில் பற்றரி, வயர், சுருள். கொழும்பில் ஒரு தமிழ்ப் பொம்பிளை இதையெல்லாம் தூக்கிக்கொண்டு அந்திநேரம் நடப்பது எவ்வளவு கெட்டித்தனம் என்று நீங்களே யோசியுங்கள். சீருடைக்காரர் ஒருவருக்கு அரை மணித்தியாலம் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு பின்வளவுதான். மூங்கில் முக்காலியில், சுவரிலிருந்தும் கேற்றிலிருந்தும் எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு.

சரி, இனி வடிவமைப்பு. மூன்று வளைகோடுகள் எடுக்க வேண்டும், மூன்றும் ஒரே இரவில்.

முதலாவது ரி1. மின்னோட்டம் கொடுக்கும் நேரத்தை மாற்றுங்கள்: 1, 2, 3, 5, 8, 12 செக்கன். சுரத்தின் தொடக்க உயரம் எப்படி ஏறிப் படிகிறது என்று பார்த்தால் ரி1 கிடைக்கும். சாதாரணத் தண்ணீருக்கு இரண்டு மூன்று செக்கன் வரும். இரண்டாவது, சுரம் தானாகத் தேயும் நேரம். இதை ரி2 நட்சத்திரம் என்பார்கள். மூன்றாவது எதிரொலி. சுரம் தேய்ந்த பிறகு, சுருளுக்கு அதே 1,700 சொச்ச ஹேர்ட்ஸில் 5 மில்லிசெக்கன் நீளமான ஒரு துடிப்பைக் கொடுங்கள். முக்கால் மில்லிஅம்பியர் போதும், மடிக்கணினியின் காதுக்கருவித் துளையிலிருந்து ஒரு தடை வழியாக எடுத்துவிடலாம். துடிப்பின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து எதிரொலி எங்கே உச்சமாகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அது என்ன செய்கிறது? இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடுகிறவர்களுக்கு நடுவில் விசில் ஊதி "திரும்பி ஓடு" என்றால், முன்னுக்கு ஓடினவருக்குத் திரும்பிவரத் தூரம் கூட, பின்தங்கினவருக்குக் குறைய. எல்லாரும் ஒரே நேரத்தில் தொடக்கக் கோட்டுக்கு வந்துவிடுவார்கள். எர்வின் ஹான் 1950இல் சொன்ன தந்திரம் இது. துடிப்புக்கு முன் எவ்வளவு நேரம் போனதோ, துடிப்புக்குப் பின் அதே நேரம் கழித்து, செத்த சுரம் எழும்பி வரும். நடுவழியில் யாரையாவது மாடு முட்டியிருந்தால் அவர் மட்டும் நேரத்துக்கு வரமாட்டார். அந்த வராதவர்களின் கணக்குத்தான் உண்மையான ரி2.

வான் கதையை இங்கே சொல்ல வேண்டும். டீசல் கிடைத்து வான் வீடு திரும்பிய மறுநாள், மதிலுக்கு அந்தப் பக்கம், போத்தலிலிருந்து நாலு மீற்றரில் வந்து நின்றது. சுரம் பத்துச் சொச்சம் ஹேர்ட்ஸ் தள்ளிப் போனது, தேய்வும் முக்கால் செக்கனிலிருந்து கால் செக்கனுக்கு இறங்கிவிட்டது. தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது என்று போத்தலை மூன்று தரம் மாற்றினேன். பிறகுதான் எதிரொலியைப் பார்த்தேன். அதன் தேய்வு முந்தைய இரவில் இருந்த மாதிரியேதான் இருந்தது. அதாவது தண்ணீர் ஒன்றையும் இழக்கவில்லை. இரும்பு வான் புலத்தைச் சாய்த்ததில் ஆளுக்காள் வேகம் மாறியிருந்தது, அவ்வளவுதான். எதிரொலி வளைகோடு இல்லாதிருந்தால் "வெப்பநிலையால் ஓரியல்பு குறைகிறது" என்று ஏதாவது கதை கட்டியிருப்பேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பல பதிவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது அலைகளை அப்படியே கூட்டாதீர்கள். துடிப்பின் அவத்தை ஒவ்வொரு தரமும் வேறாக இருந்தால் எதிரொலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒவ்வொன்றின் உயரத்தையும் தனியாக எடுத்துப் பிறகு சராசரி பாருங்கள்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த பகுதி. இழப்பு தானாக நடக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அளந்து ஊட்டுவது நல்லது. செப்புச் சல்பேற்று, நம் ஆட்கள் மயில்துத்தம் என்பார்கள். அதன் செப்பு அயன் தானே ஒரு சிறு காந்தம். தண்ணீருக்குள் அலைந்து திரிந்து பக்கத்துப் புரோத்தன்களைத் தாறுமாறாக உதைக்கும். 2.5 கிராமை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். தராசுக்கு நான் செட்டியார் தெருவுக்குப் போனேன், நகைக்காரர் பாவிக்கிற சின்னத் தராசு. மருந்துக்கடை ஊசிக்குழலால் 5 மில்லிலீற்றர் எடுத்து அரை லீற்றர் போத்தலில் விட்டால் லீற்றருக்கு ஒரு மில்லிமூல். ஒரே மாதிரி ஐந்து போத்தல்களில் 0, 1, 2, 3, 4 மில்லிமூல் என்று தயாரியுங்கள். ஒரே போத்தலில் ஏற்றிக்கொண்டே போனால் செறிவும் இரவும் சேர்ந்தே ஏறும், எது எதனால் என்று பிறகு பிரிக்க முடியாது. போத்தல்களுக்கு எண்ணை வேறொருவர் எழுதி மறைத்து வைக்கட்டும், நீங்கள் கண்டபடி மாற்றி மாற்றி அளவுங்கள். என் மாணவி எண்களைத் தன் தாளில் மட்டும் வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் வாயே திறக்கவில்லை.

தேய்வு நேரத்தை அல்ல, அதன் தலைகீழைச் செறிவுக்கு எதிரே வரையுங்கள். எதிரொலிக்கு ஒரு நேர்கோடு வரும். தானாகத் தேயும் சுரத்துக்கும் ஏறத்தாழ ஒரு நேர்கோடு, முதலாவதற்குச் சமாந்தரமாக, கொஞ்சம் மேலே. சாய்வு செப்பின் வேலை. இரண்டு கோட்டுக்கும் இடையிலுள்ள வெளி உங்கள் வளவின் வேலை.

ஊட்டிப் பார்ப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. 1996இல் பாரிசில் சேர்ஜ் அரோஷின் குழு, கண்ணாடிகளுக்கிடையே அடைத்த நுண்ணலைப் புலத்தில் "பூனை நிலை" (ஒரே நேரத்தில் இரண்டு நிலையிலும் இருப்பது) உண்டாக்கி, நிலைகளுக்கிடையேயான தூரத்தைக் கூட்டக் கூட ஓரியல்பு வேகமாகச் சாவதைக் காட்டியது. அரோஷுக்கு 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. வியன்னாவில் 2003இல் 70 காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைக் குறுக்கீட்டுமானியில் (அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உண்டாக்கும் கோலத்தைக் காட்டும் கருவி) விட்டு, உள்ளே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். அழுத்தம் ஏற ஏறக் கோலம் மங்கியது. அடுத்த ஆண்டு மூலக்கூறையே லேசரால் சூடாக்கி, அது உமிழும் வெப்ப ஒளியே தன் பாதையைக் காட்டிக்கொடுத்து ஓரியல்பைக் கெடுப்பதைக் காட்டினார்கள். மூன்றிலும் கூட்டிக் குறைத்த திருகு ஒவ்வொன்றுதான், அதன் ஒவ்வொரு படிக்கும் கணக்கு முன்பே தெரியும்.

போத்தலை வைத்து வாதாடினால் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழும்பி, "ரீச்சர், இது கோடானுகோடிப் புரோத்தன். ஒற்றைக் குவாண்டம் தொகுதி எங்கே?" என்று கேட்கும். நியாயம். அதற்கு முகில் கணினி இருக்கிறது. ஐபிஎம் 2016 மே மாதத்தில் 5 கியூபிட் குவாண்டம் இயந்திரத்தை இணையத்தில் திறந்துவிட்டது. கியூபிட் என்பது 0, 1 என்ற இரண்டு நிலையின் கலப்பிலும் நிற்கக்கூடிய ஒற்றைக் குவாண்டம் தொகுதி. இன்றும் கணக்கு ஒன்று திறந்து, மாதத்துக்குச் சில நிமிடம் இலவசமாக ஓட்டலாம். முழுமைப்பூச்சியமான வெப்பநிலைக்குச் சில பத்து மில்லிகெல்வின்தான் மேலே குளிர்ந்திருக்கும் மீகடத்திச் சுற்று அது, மின்னோட்டம் தடையே இல்லாமல் ஓடும். 1999இல் யப்பானில் இப்படிப்பட்ட சுற்று ஒன்று முதன்முதலாக ஓரியல்போடு ஆடியபோது அதன் ஆயுள் சில நனோசெக்கன். இப்போது நூறு மைக்ரோசெக்கனைத் தாண்டிவிட்டது.

அதே மூன்று வளைகோடுகளை இங்கேயும் எடுங்கள். கியூபிட்டை 1க்கு ஏற்றி, காத்திருந்து, அளந்தால் ரி1. பாதி திருப்பி, காத்திருந்து, மீண்டும் பாதி திருப்பி அளந்தால் ரி2 நட்சத்திரம். நோர்மன் ராம்சேயின் முறை இது. நடுவில் 0ஐ 1 ஆக்கும் ஒரு முழுத் திருப்பம் (180 பாகை) வைத்தால் எதிரொலி. காத்திருக்கும் நேரம் எதிர்பார்க்கும் ஆயுளின் மூன்று மடங்குவரை போகட்டும். வாலைப் பார்க்காமல் பொருத்தினால் எந்தக் கோடும் பொருந்தும். ராம்சேயில் கடைசித் திருப்பத்தின் அவத்தையை, காத்திருந்த நேரத்துக்கு ஏற்ப வேண்டுமென்றே சுழற்றிக்கொண்டு போங்கள். அப்போது அலை அலையாக ஏறி இறங்கித் தேயும். அப்படிச் செய்யாவிட்டால் மீடிறனில் இருக்கும் சிறு பிழையும் தேய்வும் ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றும்.

மூன்றையும் தனித்தனி நாட்களில் ஓட்டாதீர்கள். இந்தச் சில்லுகளில் ரி1 மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் அலையும். பொருட்களின் மேற்பரப்பில் இருக்கும் குறைபாடுகள் சில வேளை கியூபிட்டோடு பரிவுற்றுச் சக்தியை உறிஞ்சும், சில வேளை விட்டுவிடும். ஒவ்வொரு காத்திருப்பு நேரத்துக்கும் மூன்று சுற்றையும் (இயந்திரத்துக்குக் கொடுக்கும் கட்டளைத் தொடருக்கும் சுற்று என்றுதான் பெயர்) அடுத்தடுத்து வைத்து, நேரங்களின் வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். வெறும் 0, வெறும் 1 என்று இரண்டு சுற்றும் சேருங்கள், அளக்கும் கருவி எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரியும். ஒரு புள்ளிக்கு 1,000 தரம் அளந்தால் நடுப்பகுதியில் பிழை ஒன்றரை வீதத்துக்குச் சற்று மேல். 4,000 தரம் அளந்தால் அது பாதியாகும். கடைசியில் ரி2, ரி1இன் இரண்டு மடங்கைத் தாண்டி வந்தால் சந்தோசப்படாதீர்கள். பௌதிகம் அதற்கு இடம் கொடாது, பொருத்தியதில்தான் பிழை.

இனி இங்கேயும் ஊட்டிப் பார்க்கலாம், தண்ணீரைவிடத் துல்லியமாக. ஒரு கியூபிட்டை 0க்கும் 1க்கும் நடுவே நிறுத்துங்கள். பக்கத்துக் கியூபிட்தான் சுற்றாடல். முதலாவது 1 என்றால் மட்டும் பக்கத்தது ஒரு கோணத்தால் திரும்பட்டும். கோணம் 180 பாகை என்றால் பக்கத்துக்காரருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, முதலாவதில் ஓரியல்பு பூச்சியம். 90 பாகை என்றால் அரைகுறையாகத்தான் தெரியும். மிஞ்சும் ஓரியல்பு அந்தக் கோணத்தின் பாதியின் கோசைன், அதாவது 0.71. பொருத்துவதற்கு ஒன்றுமேயில்லை, கணக்குக் கோட்டின் மேலே உங்கள் புள்ளிகள் விழுகின்றனவா என்று பார்ப்பதுதான். அதன் பின் அந்தத் திருப்பத்தைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். பக்கத்துக்காரர் மறந்துவிடுவார், ஓரியல்பு திரும்பி வரும்.

எனக்கு முதல்தரம் கிட்டத்தட்ட முழுசாகவே திரும்பி வந்தது. வகுப்பில் கைதட்டல். அன்றிரவு, இயந்திரத்துக்கு உண்மையில் போன சுற்றைத் திறந்து பார்த்தேன். திருப்பத்தைப் போடுவதும் எடுப்பதும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று மென்பொருள் கண்டுபிடித்து, இரண்டையும் மெல்ல நீக்கியிருந்தது. ஒன்றுமே நடக்காத கியூபிட்டை அளந்துவிட்டுக் கைதட்டியிருக்கிறோம். இரண்டுக்கும் நடுவே தடுப்புக் கட்டளை ஒன்றைப் போடுங்கள், மென்பொருள் சுற்றைச் சுருக்கிச் சீர்ப்படுத்தும் மட்டத்தைப் பூச்சியத்தில் வையுங்கள், போன சுற்றை ஒவ்வொரு தரமும் கண்ணால் பாருங்கள். கோணம் 0 என்ற சுற்றிலும் அதே எண்ணிக்கையான படலைகள் (கியூபிட்டில் செய்யும் ஒவ்வொரு செயலும் ஒரு படலை) இருக்க வேண்டும். படலைகளின் சொந்தப் பிழை எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவில் நின்றால்தான் கோணத்தின் வேலை தனியாகத் தெரியும்.

இது சரிவந்தால் பக்கத்துக்காரர் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டு ஒருவரிடம் மட்டும் திருப்பி வாங்குங்கள். அப்புறம் இருவரிடமும் வாங்குங்கள், ஆனால் நடுவில் 20, 50, 100 மைக்ரோசெக்கன் என்று காக்க வைத்து. அந்த இடைவெளியில் பக்கத்துக்காரர்கள் தங்கள் சுற்றாடலுக்குச் சொல்லிவிட்டதை நீங்கள் திருப்பி வாங்க முடியாது. எந்தக் காத்திருப்பில் திரும்பி வருவது நின்றுபோகிறது என்பதை அவர்களுடைய ரி1, ரி2 இரண்டோடும் ஒப்பிட்டு ஒரே தாளில் வரையுங்கள். என் மாணவி இப்போது இதில்தான் நிற்கிறாள், இந்த மாத நிமிடங்களை முடித்துவிட்டுக் காத்திருக்கிறாள். மயில்துத்தப் போத்தல்கள் ஐந்துக்கும் சிவப்பு மையால் மண்டையோடு கீறிக் குசினிக்கு வெளியே வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், பார்வைக்கு அது நீலச் சர்பத் மாதிரியே இருக்கும்.